சஷ்டிப் பயணமும் குழந்தைகளின் தலைநலமும்

ஐப்பசி மாதம் கந்த சஷ்டி நாள்களில் அன்பர்கள் குடும்பம் குடும்பமாகத் திருச்செந்தூரில் தங்கி விரதம் நோற்கின்றனர். இரவில் மண்டபங்களிலும் கொட்டகைகளிலும் குழந்தைகள் தலையோடு தலை சேர்த்து உறங்குவர். பேன் பரவ இதுவே போதும். பேன் பறப்பதில்லை, தாவுவதுமில்லை. முடியைப் பற்றி ஊர்ந்தே தலை மாறும்.

முதன்முறை பேன் பற்றியவர்க்கு அரிப்புத் தோன்ற 4 முதல் 6 வாரம்வரை ஆகலாம். ஆதலால் அரிப்புக்குக் காத்திராமல், ஊர் திரும்பியதும் அனைவர் தலையையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். காதின் பின்புறமும் பிடரியும் முக்கியமானவை. வளர்ந்த பேன் எள்ளளவு இருக்கும். பொடுகு தட்டினால் உதிரும்; ஈர் முடியோடு இறுக ஒட்டி நிற்கும். உயிருள்ள பேனைக் கண்டால்தான் தொற்று உறுதி.

கடலில் நீராடுவதால் பேன் ஒழியாது. நீருக்குள்ளும் அது பல மணி நேரம் உயிர் தாங்கும். முடி காணிக்கை செலுத்திய தலையில் பேன் தங்காது என்பது உண்மையே. எனினும் தாய், தமக்கை, பாட்டி ஆகியோர் தலையில் பேன் இருப்பின், முடி வளர்ந்ததும் குழந்தைக்கு மீண்டும் தொற்றும். ஆகவே பேன் உள்ள அனைவருக்கும் ஒரே நாளில் வைத்தியம் தொடங்க வேண்டும்.

ஈரத்தலையில் எண்ணெய் தடவி, முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, பேன் சீப்பால் வேரிலிருந்து நுனிவரை வாருங்கள். 1, 5, 9, 13ஆம் நாள்களில் இதைச் செய்தால், ஈரிலிருந்து புதிதாக வெளிவருபவையும் முட்டையிடுமுன் அகப்படும். பெர்மெத்ரின் மருந்தை மருத்துவரைக் கேட்டே பயன்படுத்துங்கள். கைக்குழந்தைக்கும் கருவுற்றோர்க்கும் இது இன்றியமையாதது. மண்ணெண்ணெயையும் பூச்சிமருந்தையும் ஒருபோதும் தலையில் தடவலாகாது. தோல் வெந்துபோகும், விளக்கருகே மண்ணெண்ணெய் தீப்பற்றி உயிருக்கே ஆபத்தாகும். தலையில் புண்ணோ சீழோ கண்டால் மருத்துவரிடம் செல்லுங்கள்.

தலையை விட்டு நீங்கிய பேன் ஓரிரு நாளுக்குமேல் வாழாது. அண்மையில் பயன்படுத்திய தலையணை உறை, துண்டு, சீப்பு ஆகியவற்றை வெந்நீரில் ஊறவைத்துக் கழுவினால் போதும்.

பேன் அழுக்கினால் வருவதன்று. நாள்தோறும் தலை முழுகுவோரையும் அது பற்றும். பெண்பிள்ளையை உறவினர் முன்னிலையில் கடிந்துகொண்டால், அடுத்த முறை அவள் அதை மறைப்பாள். வீடு முழுவதும் பரவும். அருகில் அமர்த்திக் கனிவுடன் தலைவாரி, கூந்தலை இறுகப் பின்னிவிடுங்கள். இந்த ஆண்டுப் பயணத்தில் விபூதிப் பையோடு ஒரு பேன் சீப்பும் உடன் வரட்டும்.