வீட்டில் கட்டும் காருக்கு அலுமினியம் தகடு: வெட்டுவது எங்கே, வளைப்பது எப்படி?

அலோர் காஜா, பெகோவில் உள்ள ஹோண்டா தொழிற்சாலை 2003ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. கார் தயாரிப்பு மலாக்கா மக்களுக்குப் புதிய விஷயமல்ல. ஆனால், பெரிய நிறுவனங்கள் ஒரு கதவுத் தகட்டை ராட்சத அச்சில் வைத்து ஓரிரு அழுத்தில் எடுத்துவிடுகின்றன. வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, பழைய இயந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு, சொந்தமாகக் கார் கட்ட ஆசைப்படும் இளைஞருக்கு அந்த வசதி இல்லை. சட்டம் கட்டும் வரை வேலை நடக்கும். தகடு போடும் கட்டத்தில்தான் பலருக்கும் பணமும் பொறுமையும் தீர்ந்துபோகிறது.

அலுமினியம் நம்மவர்களுக்குப் பழக்கமான உலோகம். ரப்பர்த் தோட்டங்களில் பால் உறைய வைத்த தட்டுகள் அலுமினியம். தோட்டத் துரைமார் ஓட்டிய பழைய லேண்ட் ரோவரின் மேல் தகடுகளும் அலுமினியக் கலவைதான். போருக்குப் பின் இங்கிலாந்தில் எஃகு பங்கீட்டில் இருந்ததால், 1948இல் வெளிவந்த அந்த வண்டிக்கு அலுமினியம் பயன்படுத்தப்பட்டது. எடையில் எஃகின் மூன்றில் ஒரு பங்குதான். 4 அடிக்கு 8 அடி தகடு 1.2 மில்லிமீட்டர் கனத்தில் சுமார் 9.6 கிலோ, அதே அளவு எஃகு 28 கிலோ.

வீட்டில் கட்டும் காருக்கு உலகம் முழுவதும் முன்மாதிரியாக இருப்பது 1957இல் காலின் சாப்மன் உருவாக்கிய லோட்டஸ் செவன். இன்று அதைத் தயாரிக்கும் கேட்டர்ஹாம் நிறுவனத்தை 2011இல் வாங்கி, பத்தாண்டுகள் வைத்திருந்தவர் ஏர் ஆசியாவின் டோனி பெர்னாண்டஸ். எஃகுக் குழாய்ச் சட்டத்தின் மீது அலுமினியம் தகட்டை ரிவெட் அடித்தால் பக்கவாட்டு உடல் தயார். தகடுகள் தட்டையாக இருக்கும், அல்லது ஒரே திசையில் மட்டும் வளையும். முதல் செவனின் மூக்குப் பகுதியைக் கையால் தட்டி அலுமினியத்தில் செய்தார்கள். 1960இல் வந்த இரண்டாவது வகையில் மூக்கையும் சக்கர மறைப்புகளையும் ஃபைபர் கிளாசுக்கு மாற்றிவிட்டார்கள். லோட்டஸே கைவிட்ட வேலையை முதல் முறை கார் கட்டுபவர் தலையில் சுமக்க வேண்டியதில்லை. வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே பாதிச் செலவு முடிவாகிவிடுகிறது.

தகடு வாங்கும் முன் அட்டைப்பெட்டியை வெட்டி, சட்டத்தின் மேல் வைத்துப் பார்ப்பது எல்லாவற்றையும்விட மலிவான வேலை. மடிப்புக்கும் ஓரத்துக்கும் வேண்டிய கூடுதல் அளவு அட்டையிலேயே தெரிந்துவிடும். தவறினால் போவது ஓர் அட்டை. பிறகு அதைத் தகட்டின் மேல் வைத்துக் கோடு போடலாம். கணினியில் வரையத் தெரிந்தவர்கள் டிஎக்ஸ்எஃப் கோப்பாகக் கொடுத்தால், லேசர் வெட்டும் கடையில் ஆணித் துளைகளையும் சேர்த்தே வெட்டிவிடுவார்கள். நேர்கோட்டு வெட்டுக்கு அது தேவையில்லை. கேட், கிரில், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அடுப்பங்கரைச் சாமான் செய்யும் பட்டறையில் கில்லட்டினும் தகடு வளைக்கும் இயந்திரமும் இருந்தால் போதும். வீட்டில் ஜிக்சாவால் வெட்டுபவர்கள் பிளேடில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தடவ வேண்டும். இல்லாவிட்டால் அலுமினியம் பல்லில் ஒட்டி, வெட்டுவதற்குப் பதில் கிழிக்கும்.

கடையில் "அலுமினியம் கொடுங்கள்" என்று மட்டும் கேட்பதுதான் பெரிய தவறு. 1100 மிக மென்மை. விரல் பட்டாலே பள்ளம் விழும். 3003 தட்டி வளைக்க நல்லது. மக்னீசியம் கலந்த 5052 உறுதியானது, கடல் காற்றைத் தாங்கும். கடலோர மலாக்காவுக்கு இது பொருந்தும். 6061-டி6 கெட்டியானது, ஆனால் கூர்மையாக மடித்தால் வெடிக்கும். தட்டைப் பகுதிக்கு 1.2 மில்லிமீட்டர் போதும்.

மடிப்புக் கோட்டை ஆணியால் கீறக் கூடாது. அந்தக் கீறலிலிருந்தே தகடு உடையும். மார்க்கர் பேனாவால் வரைய வேண்டும். மடிப்பின் உள் வளைவு குறைந்தது தகட்டின் கனம் அளவுக்காவது இருக்கட்டும். வளைத்துவிட்டால் தகடு கொஞ்சம் திரும்பி வரும், ஆகவே 90 பாகைக்கு இரண்டு மூன்று பாகை அதிகம் மடிப்பார்கள். இதை வீணான ஒரு துண்டில் முதலில் செய்து பார்க்காமல் பட்டறைக்காரரைக் குறை சொல்வது சரியல்ல.

இரு திசையில் வளையும் பகுதி தவிர்க்க முடியாததாக இருந்தால்? பந்தைத் தாளில் சுற்றினால் ஓரத்தில் சுருக்கம் விழும் அல்லவா, தகட்டுக்கும் அதே கதைதான். நடுப்பகுதியை நீட்ட வேண்டும், அல்லது ஓரத்தைச் சுருக்க வேண்டும். மணல் பையின் மேல் தகட்டை வைத்து மரச் சுத்தியலால் தட்டுவது நீட்டும் வழி. அப்படித் தட்டிய மேடு பள்ளங்களை, இரண்டு உருளைகளுக்கு இடையே தகட்டை ஓட்டும் 'இங்கிலீஷ் வீல்' கருவி சமன்படுத்தும். தட்டத் தட்ட அலுமினியம் இறுகிப்போகும். அப்போது துணி துவைக்கும் கட்டிச் சோப்பைத் தகட்டில் தேய்த்து, எரிவாயுச் சுடரால் பரவலாகச் சூடாக்குவார்கள். சோப்பு கரும்பழுப்பானதும் சுடரை எடுத்துவிட வேண்டும். எஃகு சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் நிறம் மாறாமலேயே 660 பாகை செல்சியசில் உருகி விழுந்துவிடும்.

'கெத்தோக், சாட்' என்று பலகை மாட்டிய பட்டறைகளின் மூத்த கைவினைஞர்களுக்கு இந்தக் கை இருக்கிறது. உள்ளே தாங்கு கட்டையும் வெளியே சுத்தியலுமாக, சத்தத்தை வைத்தே தகட்டின் நிலையைச் சொல்வார்கள். இன்று மோதிய கார்களுக்குப் புதுக் கதவு, புது மட்கார்டு மாட்டுவதே வழக்கமாகிவிட்டதால் அந்தக் கைக்கு வேலை குறைந்துவிட்டது. இப்படி ஒருவர் கிடைத்தால், கூலி கூடுதலானாலும், பையனைப் பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்வது நல்லது.

பொருத்தும்போது இன்னொரு எதிரி உண்டு. அலுமினியமும் எஃகும் தொட்டுக்கொண்டு ஈரமும் சேர்ந்தால், அரிக்கப்படுவது அலுமினியம்தான். பழைய லேண்ட் ரோவர்களில் எஃகோடு சேருமிடத்தில் தகடு வெள்ளைப் பொடியாகி இருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். சட்டத்துக்குப் பெயிண்ட் அடித்து, இடையில் பாலியூரிதேன் பசை வைத்து, பிறகே அலுமினிய ரிவெட் அடிக்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பு கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது: இந்தக் கார் எங்கே ஓடப்போகிறது? 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, பதிவு செய்யப்படாத வாகனத்தைப் பொதுச் சாலையில் ஓட்ட முடியாது. வாகன அமைப்புக்கு 1959ஆம் ஆண்டு விதிமுறைகளும் உள்ளன. கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு 1952இல் 2,000 ரூபாய் விலைக்குத் திட்டமிட்ட இருவர் காரே அரசு அனுமதி கிடைக்காமல் நின்றுபோனது. பதிவுள்ள பழைய காரின் உடலை மாற்றுவதாக இருந்தாலும் முதலில் ஜேபிஜே அலுவலகத்தில் வரைபடத்தோடு எழுத்துப்பூர்வமாகக் கேட்க வேண்டும். வாய்ச் சொல் பின்னர் உதவாது. அனுமதி கிடைக்காவிட்டால், மூடிய பந்தயத் தடத்தில் மட்டும் ஓட்டும் காராக அதைக் கட்டலாம். அதற்கு அந்தத் தடத்தின் விதிகளைப் பார்க்க வேண்டும். டுரியான் துங்கல் யூடெம் போன்ற கல்விக் கூடங்களில் படிக்கும் பிள்ளைகளுக்குப் போட்டி வாகனம் கட்டும் குழுக்களில் சேரும் வாய்ப்பு இருக்கிறதா என்றும் விசாரிக்கலாம். அங்கே தகட்டுச் செலவு குடும்பத்தின் தலையில் விழாது.