வாசல் எந்தத் திசை என்று பார்த்தோம். கிராண்ட் யார் பெயரில் என்று பார்த்தோமா?



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் ரயிலேறி பிரிக்பீல்ட்சுக்குப் போயிருந்தேன். அங்கே வீடு விற்கும் முகவராக இருக்கும் ஒரு தம்பியைப் பார்க்க வேண்டியிருந்தது. அவர் நம்ம தோட்டத்துப் பிள்ளை. அப்பா பால் மரம் வெட்டியவர், அம்மா களை எடுத்தவர். ஆயாக் கொட்டகையில் வளர்ந்த பையன் இன்று கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு, லட்சக்கணக்கான வெள்ளிக்கு வீடு விற்கிறார்.

நான் போனது வீடு வாங்க அல்ல. எங்கள் பக்கத்துத் தோட்டத்து அக்கா ஒருவர் வீட்டுக்காகக் கொடுத்த முன்பணம் போய்விட்டது. அது எப்படிப் போயிற்று என்று தெரிந்துகொள்ளத்தான் போனேன்.

ஒட்டுக்கடையில் உட்கார்ந்து தே குடித்துக்கொண்டே பேசினோம். எதிரே வானத்தை முட்டும் கட்டடங்கள். 1880களில் கோலாலம்பூர் நகரைக் கட்டச் செங்கல் சுட்ட சூளைகள் இருந்த இடம் இது. பெயரே அதைத்தானே சொல்கிறது! பிறகு ரயில்வே வந்தது. தண்டவாளம் போட்டவர்களும் பட்டறையில் இரும்படித்தவர்களும் குவாட்டர்சில் குடியிருந்தார்கள். பழைய ரயில்வே நிலத்தில் 2001இல் சென்ட்ரல் நிலையம் திறந்தார்கள். 2010இல் 'லிட்டில் இந்தியா' என்று வளைவு கட்டி வண்ணம் பூசினார்கள். நம்மவர் வாழ்ந்த 'நூறு குவாட்டர்ஸ்' இன்று இல்லை.

"இங்கே நம்ம ஆளுங்க வீடு வாங்குறாங்களா தம்பி?" என்று கேட்டேன்.

சிரித்துவிட்டார். "பூமாலை வாங்க வர்றாங்க, சேலை வாங்க வர்றாங்க, வாழையிலைச் சாப்பாட்டுக்கு வர்றாங்க. வீடு வாங்க வர்றவங்க கொஞ்சம்தான் அண்ணே. நானே அம்மாவுக்குக் கிள்ளான் பக்கம் மலிவு விலை வீடுதான் வாங்கிக் கொடுத்தேன்."

அப்புறம் அவர் சொன்ன ஒரு விஷயத்தை நீங்கள் எல்லோரும் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

"அண்ணே, மழை பெஞ்சா எங்கப்பாவுக்குப் பால் வெட்டு இல்ல, காசும் இல்ல. என் பிழைப்பும் அதே மாதிரிதான். வீடு வித்தாத்தான் கமிஷன். விக்காத மாசம் கையில ஒண்ணும் இல்ல. அந்தக் கமிஷனைத் தர்றவரு வீட்டை விக்கிறவரு. அப்போ நான் யாரோட ஆளு? விக்கிறவரோட ஆளு. வாங்குறவங்க என்னைத் தங்களோட ஆளுன்னு நினைச்சுக்கிறாங்க. அங்கதான் தப்பு ஆரம்பிக்குது."

முகவர் கெட்டவர் என்பதல்ல இதன் பொருள். அவரும் உழைத்துப் பிழைப்பவர். சட்டப்படி விற்பனை விலையில் 3 விழுக்காட்டுக்கு மேல் கட்டணம் கேட்க முடியாது. அதையும் நிறுவனத்தோடு பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஆகவே சீக்கிரம் கையெழுத்தாக வேண்டும் என்ற அவசரம் அவருக்கு இருக்கும். அந்த அவசரம் நமக்கு இருக்கக் கூடாது.

"நான் வீடு காட்டுறதுன்னா வெயில் நல்லா அடிக்கிற பகல் நேரத்துலதான் காட்டுவேன். நீங்க மழை பெய்யும்போது ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை நீங்களாவே போய்ப் பாருங்க. லிஃப்ட் ஓடுதான்னு பாருங்க. பராமரிப்புக் கட்டணம் எத்தனை வீட்டுல பாக்கின்னு கீழே இருக்கிற அறிவிப்புப் பலகையைப் பாருங்க. பாக்கி நிறைய இருந்தா நாளைக்கு லிஃப்டும் ஓடாது, தண்ணித் தொட்டியும் கழுவ மாட்டாங்க" என்றார்.

சீனர்கள் நாலாம் எண்ணை விரும்பாததால் பல கட்டடங்களில் நாலாவது மாடிக்கு '3ஏ' என்று பெயர். நம்மவர்களோ வாசல் தெற்கே பார்த்தால் திரும்பிவிடுவார்கள். "வாசல் எந்தத் திசை பார்க்குதுன்னு நாலு பேரைக் கூட்டிட்டு வந்து பார்க்குறாங்க அண்ணே. கிராண்ட் யார் பேர்ல இருக்குன்னு ஒருத்தர்கூடக் கேக்குறதில்ல!"

சுருக்கென்றது எனக்கு. அந்த அக்கா விஷயத்தில் நடந்ததும் இதுதான்.

முப்பது வருஷத்துக்கு மேல் தோட்டத்தில் உழைத்தவர் அவர். வேலை முடிந்தது, லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. கையில் சேமநிதிப் பணம். அந்த நேரம் பார்த்துக் கோயில் திருவிழாவுக்கு ஒருவன் வந்தான். கைப்பேசியில் படம் காட்டினான். "இன்னும் ரெண்டு பேர் கேக்குறாங்க, இன்னைக்கே புக்கிங் போடுங்க" என்றான். அக்கா 6,000 வெள்ளியை அவனுடைய சொந்தக் கணக்கில் போட்டார். அவன் கொடுத்தது ஒரு துண்டு ரசீது. பிறகு நில அலுவலகத்தில் தேடிப் பார்த்தால், வீட்டுக்காரர் வேறொருவர். அவர் வீட்டை விற்கவே இல்லை! போலீசில் புகார் கொடுத்தோம். பணம் வரவில்லை. அக்கா இன்று மகள் வீட்டுக் கூடத்தில் படுத்துக்கொள்கிறார்.

தோழர்களே, ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். திருவிழாவில் அந்த ஆளுக்குத் தே வாங்கிக் கொடுத்து, "நம்ம பையன்" என்று நாலு பேரிடம் சொன்னவன் நான்தான். சங்கத்து ஆள் சொன்னால் சரியாக இருக்கும் என்று அக்கா நம்பியிருக்கலாம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முகவர் தம்பி சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, அட்டை. 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற முகவரோ அவரிடம் பதிவு பெற்று வேலை செய்பவரோதான் கமிஷனுக்கு வீடு விற்கலாம். அட்டையில் படமும் எண்ணும் இருக்கும். வாரியத்தின் இணையப் பக்கத்தில் அந்த எண்ணைத் தட்டிச் சரிபார்க்கலாம். பிள்ளைகளிடம் சொன்னால் இரண்டு நிமிஷத்தில் பார்த்துச் சொல்வார்கள். அனுமதி இல்லாமல் இத்தொழில் செய்பவருக்கு 3 லட்சம் வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை.

இரண்டாவது, பணம். முன்பணத்தைத் தனி ஆள் கணக்கில் ஒரு காசுகூடப் போடாதீர்கள். நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்கில் அல்லது வழக்கறிஞரிடம்தான் கட்ட வேண்டும். கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வருமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, கிராண்ட். நில அலுவலகத்தில் சிறு கட்டணம் கட்டித் தேடினால் சொந்தக்காரர் யார், அடமானம் உண்டா, கேவியட் உண்டா, நிரந்தர நிலமா, 99 ஆண்டுக் குத்தகையா என்று தெரிந்துவிடும். குத்தகையென்றால் இன்னும் எத்தனை வருஷம் மிச்சம் என்றும் பாருங்கள். பெயர் மாற்ற மாநில அரசின் சம்மதம் வேண்டியிருக்கும், அதற்கு நாளாகும்.

நான்காவது, கணக்கு. 3 லட்சம் வெள்ளிக் கடன், 4 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொள்வோம். 35 வருஷத் தவணையென்றால் மாதம் ஏறக்குறைய 1,330 வெள்ளி. ஐம்பது வயதுக்காரருக்கு வங்கி 20 வருஷம் கொடுத்தால் மாதம் ஏறக்குறைய 1,820 வெள்ளி. 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. சம்பளம் முழுவதையும் கட்டினாலும் போதாது! ஆகவே வேலை முடிகிற அன்று வீடு தேடாதீர்கள். பிள்ளை வேலைக்குப் போனதுமே குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள். சேமநிதியிலிருந்து வீட்டுக்கு எவ்வளவு எடுக்கலாம் என்று அலுவலகத்திலேயே நேரில் கேளுங்கள். முதல் வீடென்றால் முத்திரை வரியில் சலுகை உண்டா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

வேலையோடு வீடும் போகிற தொழில் நம்முடையது. புத்ராஜெயா எழுந்தது பிராங் பெசார் தோட்டத்தின் மேல்தான். அங்கே உழைத்தவர்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குப் போனார்கள். அந்தச் சுவர்களில் விரிசல் விட்ட கதையை நாடே அறியும். தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் சேர்த்த காசிலேயே தோட்டங்களை வாங்கிக் காட்டினார். பிரிக்பீல்ட்சின் பெரிய சாலைக்கு இன்று அவர் பெயர். அந்தச் சாலையில் நமக்கு ஒரு கதவுகூட இல்லையே என்று நினைத்துக்கொண்டே நிலையத்துக்கு நடந்தேன்.

சொந்த வீட்டுத் திட்டம் கேட்டுச் சங்கம் தொடர்ந்து போராடத்தான் வேண்டும். அதுவரை கையில் இருப்பதையாவது பறிகொடுக்காமல் இருப்போம். யாராவது "இன்னைக்கே புக்கிங்" என்று அவசரப்படுத்தினால், "நாளைக்கு வர்றேன் தம்பி" என்று சொல்லிவிட்டுக் காகிதத்தோடு உங்கள் கிளைச் செயலாளரிடம் வாருங்கள். நல்ல வீடு ஒரு நாள் காத்திருக்கும். அப்படியே கை நழுவிப் போனாலும் போகட்டும், வேறு வீடு பார்த்துக்கொள்ளலாம். முப்பது வருஷ உழைப்பு போனால் திரும்பி வராது.