ஜெலுத்தோங் குத்தகையாளரும் 45 வேலை நாட்களும்

மலேசியாவின் பினாங்கிலுள்ள ஜெலுத்தோங்கில் வழக்கறிஞர் என்றாலே கர்ப்பால் சிங் நினைவுக்கு வருவார். 1978 முதல் 1999 வரை இத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். ‘ஜெலுத்தோங் புலி’ என்று பெயரெடுத்தவர். அவரைக் கண்ட ஊருக்கு, வழக்காடுவது என்றால் நீதிமன்றத்தில் முழங்குவது. கட்டுமானம், வணிகம், போக்குவரத்து வழக்குகளை நடத்துபவருக்கோ பெரும்பாடு காகிதத்தோடும் காலக்கெடுவோடும்தான். ஒப்பந்த மீறலுக்கு வழக்குப் போட 6 ஆண்டு அவகாசம் உண்டு. கப்பல் சரக்கு சேதமானால் பெரும்பாலும் ஓராண்டுதான். எனவே, எல்லா வழியும் அடைபட்ட பிறகே வழக்கறிஞரைத் தேடுவது சிறு குத்தகையாளருக்குப் பெரும் நஷ்டம். முதல் பில் நிலுவையில் நிற்கும்போதே போக வேண்டும்.

கட்டுமானத்தில் பணம் மேம்பாட்டாளரிடமிருந்து தலைமைக் குத்தகையாளருக்கும், அவரிடமிருந்து துணைக் குத்தகையாளருக்கும் இறங்கி, கடைசியில் கம்பி கட்டுபவர் கைக்கு வருகிறது. மேலே ஒருவர் நிறுத்தினால் கீழே கூலி நிற்கும். ‘எனக்கு வந்தால்தான் உனக்கு’ என்ற ஒப்பந்த விதியையே, 2014 ஏப்ரல் 15இல் நடைமுறைக்கு வந்த ‘சிபா’ (CIPAA) எனப்படும் கட்டுமானத் துறைப் பணம் செலுத்துதல், தீர்ப்பளிப்புச் சட்டம் செல்லாததாக்கியது. நிலுவையைக் கேட்டு எழுத்தில் கோரிக்கை கொடுத்தால், எதிர்த்தரப்பு பதில் தர 10 வேலை நாள். அதன் பிறகும் தகராறு தீராவிட்டால், இரு தரப்பும் ஏற்றவரோ, ஆசிய அனைத்துலக நடுவர் மன்ற மையம் நியமித்தவரோ தீர்ப்பாளராக அமர்வார். வாதங்கள் எழுத்தில் வந்து முடிந்ததும் 45 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். இரு தரப்பும் ஒப்பி நீட்டிக்காவிட்டால், தாமதமான முடிவு செல்லாது. இத்தனை குறுகிய காலத்தில் வழக்கைத் தாங்குவது, சரக்கை ஒப்படைத்ததற்கான டி.ஓ. (delivery order) தாள்தான்: கான்கிரீட் இறங்கிய தேதி, எத்தனை கன மீட்டர், தள மேற்பார்வையாளரின் கையெழுத்து. ‘இந்தச் சுவரையும் சேர்த்துக் கட்டிவிடு’ என்று வாயால் சொன்ன கூடுதல் வேலைக்குத் தாள் இருக்காது. அன்று மாலையே அதை ஒரு வாட்ஸ்அப் செய்தியாக உறுதிப்படுத்தச் சொல்வார் நல்ல வழக்கறிஞர். ஒப்பந்தமே எழுத்தில் இல்லையென்றால் இந்தச் சட்டம் பொருந்தாது.

சிக்கலான தகராறை 45 வேலை நாளில் முடித்தால் தவறு நேராதா என்று கேட்கலாம். நேரலாம். அதனால்தான் அந்த முடிவு இடைக்காலத்துக்கு மட்டுமே கட்டுப்படுத்தும். நீதிமன்றமோ நடுவர் மன்றமோ பின்னர் மாற்றலாம். அப்பட்டமான பிழை இருந்தால் நிறைவேற்றத்தை நிறுத்திவைக்கலாம் என்று கூட்டரசு நீதிமன்றமும் 2017இல் கூறியது. அதுவரை பணம் உழைத்தவர் கையில் இருப்பது நியாயம் என்பதே என் கட்சி. பணம் கேட்டு வழக்காடினால் அடுத்த வேலை கிடைக்காது என்ற குத்தகையாளரின் பயம், தவறான முடிவு பற்றிய பயத்தைவிடப் பெரிது. எந்தச் சட்டமும் அதை முழுதாகப் போக்காது. ஆனால் தீர்ப்பான பணம் வராவிட்டால், 14 நாள் நோட்டீஸ் கொடுத்து வேலையை நிறுத்தவோ மெதுவாக்கவோ அவருக்கு உரிமை உண்டு. அதற்காக ஒப்பந்தத்தை மீறினார் என்று அவர்மேல் பழி போட முடியாது. நான்கு மாடிக்குக் குறைவாகத் தாம் குடியிருக்க மட்டும் வீடு கட்டும் தனிநபரிடம் இந்த வழி செல்லாது. அங்கே 1 லட்சம் ரிங்கிட் வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றம், அதற்கு மேல் 10 லட்சம் வரை செஷன்ஸ் நீதிமன்றம்; அங்கும் முதலில் கேட்கப்படுவது கையெழுத்திட்ட தாள்தான்.