மெழுகும் பிளாஸ்டிக்கும்

கொடைக்கானல் மலைப்பாதையின் ஓரங்களில் நீர்ப்புட்டிகளும் பைகளும் எறியப்பட்டுக் கிடத்தலைக் காணாதார் இலர். ஒருமுறை வழங்கி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பல 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் விலக்கப்பட்டன. 2024-இல் கொடைக்கானலுக்கு 5 லிட்டருக்குக் குறைந்த புட்டி கொண்டுவருவோர்க்குப் புட்டியொன்றுக்கு 20 ரூபாய் வரியும் விதிக்கப்பட்டது. இத்துணைத் தொல்லை தரும் பொருளுக்கு உறுதி எங்ஙனம் வந்ததென்பதை ஈண்டு நோக்குவோம்.

மெழுகுவத்தியை வளைத்தால் முறிகிறது. பாலித்தீன் பையோ இழுக்க நீளுமன்றி எளிதில் அறுவதில்லை. ஆயினும் பாரபின் மெழுகும் பாலித்தீனும் ஓரினத்தனவே. இரண்டிலும் கார்பன் அணுக்கள் ஹைட்ரஜனைத் தாங்கிச் சங்கிலிபோற் கோவைப்பட்டுள்ளன. மெழுகின் சங்கிலியில் கார்பன் ஏறக்குறைய 20 முதல் 40 வரை, பாலித்தீனிலோ பல்லாயிரம்.

நீண்ட சங்கிலி ஆறுங்கால் முன்னும் பின்னுமாக மடிந்து மெல்லிய படிகத் தகடாகின்றது. தகட்டின் கனம் மில்லிமீட்டரில் ஏறக்குறைய லட்சத்தில் ஒரு பங்கே. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்துக் கெல்லர் என்பார் 1957-இல் இம்மடிப்பினை விளக்கினார். தகடுகளின் இடையே சங்கிலிகள் ஒழுங்கின்றிச் சிக்குண்டு கிடக்கும். அவற்றுட் சில ஒரு தகட்டினின்று புறப்பட்டு, இடைவெளியைக் கடந்து, அடுத்த தகட்டினுட் புகும். படிகம் தருவது விறைப்பு. முறியாமையைத் தருவன இப்பாலங்களே. மெழுகிற்குப் படிகம் குறைவன்று. பாலமாக எட்டுதற்குரிய நீளமே இல்லை. சங்கிலியிற் கிளைகள் மிகுந்தால் மடிப்புக் குலைந்து மென்மையான பையாகும். கிளை அருகினால் வாளியும் குடமும் ஆகும்.

நீர்ப்புட்டிக்குரிய பெட் என்பது வேறொரு சங்கிலி. சோதனைக்குழாய் போன்ற சிறு குழலை ஏறக்குறைய 100 பாகைக்குச் சூடேற்றி, நீட்டிக் காற்றூதிப் புட்டியாக்குவர். நீட்டுங்கால் சங்கிலிகள் அணிவகுத்து நுண்படிகங்களாகின்றன. ஒளியைச் சிதறடிக்க வொண்ணாத சிறுமையுடையன ஆதலின் புட்டி தெளிவாயிருக்கிறது. கழுத்து நீட்டப்படாமையால் தடித்தே நிற்கும். குளிருக்கஞ்சி இதிற் கொதிநீர் ஊற்றுவோர் புட்டி சுருங்கிக் கோணுவதைக் காண்பர். நீண்ட சங்கிலிகள் வெப்பத்தால் தளர்ந்து பழைய நிலைக்கு மீளுகின்றன.

இனி, ஏறக்குறைய 2100 மீட்டர் உயரத்திலுள்ள அவ்வூரில் புறஊதாக் கதிரின் கடுமை சமவெளியினும் மிகுதி. அக்கதிரும் பிராணவாயுவும் கூடி முதலில் அறுப்பது அப்பாலங்களையே. நெருங்கிய படிகத்தினுள் வாயு எளிதிற் புகாது. பாலம் அற்ற பை நொறுங்கித் தூளாகின்றது. மக்கிவிட்டது என்பர் சிலர். அன்று, மெழுகைப்போல் உடையுந் தன்மை எய்தியதே. படிகத் துணுக்குகள் சோலை மண்ணிலும் ஓடையிலும் கலந்து நெடுங்காலம் கிடக்கும். ஏரியின் மிகைநீரே வெள்ளி அருவியாய் வீழ்வதாதலின், கரையில் நொறுங்கிய தூள் அவ்வழியே கீழும் இறங்கக்கூடும்.