ஒரே அளவு, 265 கிலோ வித்தியாசம்: பழைய வானுக்கு டயர் வாங்குமுன்

சுசுகி ஜிம்னிக்கும் டொயோட்டா ஹையேஸ் வானுக்கும் டயர் அளவு ஒன்றுதான்: 195/80 ஆர்15. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் உயரத்திலோ அகலத்திலோ பெரிய வேறுபாடு தெரியாது. அளவை அடுத்து அச்சிட்டிருக்கும் எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. ஜிம்னி டயரில் 96எஸ். ஜப்பானில் ஹையேஸ் சரக்கு வானுக்குப் போடும் டயரில் 107/105என். முதல் டயர் தாங்குவது 710 கிலோ. மற்றது 975 கிலோ. நான்கு சக்கரத்துக்கும் கணக்குப் பார்த்தால் வித்தியாசம் ஒரு டன்னைத் தாண்டுகிறது.

இலங்கை வீதிகளில் ஓடும் ஹையேஸ் வான்களில் பெரும்பகுதி ஜப்பானில் பாவித்துவிட்டு இறக்குமதியானவை. 2004இல் வெளிவந்த தலைமுறை இப்போது பழைய வான்தான். ஆட்கள் நிறைய, கூரை கேரியரில் பொதிகள், இரவிரவாக நீண்ட ஓட்டம் என்று உழைக்கும் இந்த வண்டிக்கு அளவை மட்டும் சொல்லி டயர் வாங்குவது ஆபத்து.

அந்த எண்ணின் பெயர் சுமைக் குறியீடு. டயர் கடையில் 'லோட் இன்டெக்ஸ்' என்பார்கள். அது கிலோ கணக்கு அல்ல, அட்டவணை எண். 100 என்றால் 800 கிலோ, 102 என்றால் 850, 104 என்றால் 900, 109 என்றால் 1,030. 107/105 என்று இரண்டு எண் இருந்தால், முன்னது ஒற்றைச் சக்கரத்துக்கு, பின்னது இரட்டைச் சக்கரத்துக்கு. கடைசி எழுத்து வேக வரம்பு: என் என்றால் மணிக்கு 140 கிலோமீட்டர், எஸ் என்றால் 180. அதிக வேகம் தாங்கும் டயர் அதிக சுமையும் தாங்கும் என்று எண்ணுவது தவறு என்பதற்கு இந்த இரு டயர்களே சாட்சி.

தேவையான எண்ணைக் கண்டுபிடிப்பது எளிது. பின் அச்சுக்கு அனுமதித்த எடை 1,700 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இரண்டால் வகுத்தால் ஒரு டயருக்கு 850 கிலோ, அதாவது 102. ஆனால் பொதி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், வளைவில் எடை வெளிப்பக்கச் சக்கரத்துக்குப் போகும். ஆகவே எல்லையை ஒட்டி வாங்காமல், வண்டியோடு முதலில் வந்த எண்ணுக்குக் குறையாமல் வாங்குவதே முறை. கூடுதல் எண் உள்ள டயர் போட்டதால் கூடுதலாக ஏற்றவும் முடியாது. அச்சும் வில்லும் பிரேக்கும் பழையவைதானே.

குறியீட்டில் சொன்ன எடையை டயர் தாங்குவது சரியான காற்றழுத்தத்தில்தான். கார் டயருக்குப் பழகிய கையால் வான் டயருக்கும் 32 பிஎஸ்ஐ அடித்துவிட்டால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். உள்ளே அடுக்குகள் பிரியும். கதவோர ஸ்டிக்கரில் அழுத்தம் கிலோபாஸ்கலில் இருந்தால், 100 கிலோபாஸ்கல் ஏறத்தாழ 14.5 பிஎஸ்ஐ. டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும்.

வெப்பம் என்ன செய்யும் என்பதை அமெரிக்கா பெரும் விலை கொடுத்துக் கற்றது. 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. ஓடும்போதே மேற்பட்டை கழன்று, பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகள் கவிழ்ந்ததில் 270க்கும் மேற்பட்டோர் இறந்தனர். டயரின் குறைபாட்டோடு குறைந்த காற்று, சுமை, வெயில் ஆகியவையும் விசாரணையில் பேசப்பட்டன. புதிய வண்டிகளில் காற்றழுத்த எச்சரிக்கைக் கருவி அங்கே கட்டாயமானது அதன் பிறகே. பழைய வானில் அந்தக் கருவி கிடையாது. ஓட்டுநர்தான் பார்க்க வேண்டும்.

அழகுக்கு ரிம் மாற்றுவோர் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஜப்பானிய அலாய் ரிம்மில் ஜேடபிள்யூஎல் முத்திரை கார்களுக்கானது; டிரக், பஸ் வகைக்கு உரியது ஜேடபிள்யூஎல்-டி.

பாவித்த டயர் மலிவாகக் கிடைத்தால், பக்கச்சுவரிலுள்ள நான்கு இலக்கத் தேதியைப் படியுங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. 5 ஆண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் சோதிக்கவும், 10 ஆண்டானதைக் கழற்றிவிடவும் பல தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள், பூ தேயாமல் இருந்தாலும்.

கடைக்குப் போகுமுன் கதவோர ஸ்டிக்கரையும் வாகனக் கையேட்டையும் பார்த்து அளவு, சுமைக் குறியீடு, காற்றழுத்தம் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் குறியீட்டுக்கு ஒரு எண் குறைந்தாலும், எவ்வளவு மலிவாக இருந்தாலும், அந்த டயரை வாங்காதீர்கள்.