சைக்கிளுக்கு ஒரு மோட்டார்

கோவை அருகே கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்த ஜி.டி.நாயுடு, இளம் வயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ருட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டார். கோவை ஓட்டல் ஒன்றில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அப்படி ஒரு வண்டியை வாங்கினார். வாங்கியதும் பாகம் பாகமாகக் கழற்றி, திரும்பப் பூட்டித்தான் எஞ்சினைப் படித்தார். அந்தக் காலத்து மோட்டார் சைக்கிள் ஏறக்குறைய எஞ்சின் பூட்டிய சைக்கிள்தான்.

மோட்டாருக்கும் நமக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. கொங்குக் கிணறுகளில் கவலை ஓடிய நாளில், தண்ணீர் இறைக்கும் தோல் பறியைத் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர். கரண்ட் மோட்டார் வந்ததும் பறி போனது. அந்த வேலைக்குக் கிடைத்த தானியமும் போனது. மோட்டாருக்குக் கோவை பேர் வாங்கியது. ஆனால், பட்டறை முதலாளி ஆனவர்கள் நம்மில் மிகச் சிலரே.

மோட்டாரைத் தொட்டுப் படிக்க, வீட்டில் சாத்தி வைத்திருக்கும் பழைய கறுப்புச் சைக்கிள் போதும். நான்கு பொருள் வேண்டும்: சக்கரத்துக்குள் அடங்கும் ஹப் மோட்டார், பேட்டரி, மின்சாரத்தை அளந்து அனுப்பும் கன்ட்ரோலர், கைப்பிடியில் முறுக்கும் த்ராட்டில். ஃபிரேமின் முக்கோணத்துக்குள் தகரப் பெட்டி அடித்து, பேட்டரியை அதில் வைத்தால் 1910-களின் பெட்ரோல் டேங்க் மாதிரியே இருக்கும். உருண்டை லைட்டும் தோல் சீட்டும் போட்டால் பழைய காலத்து வண்டிதான்.

36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரியில் 360 வாட்-மணி இருக்கும். 240 வாட் எடுத்தால் ஒன்றரை மணி நேரம் ஓடும். ஐ.டி.ஐ. மாணவர்களுக்கு இது புத்தகக் கணக்கு இல்லை, பள்ளிக்கூடம் போய்வரும் தூரம். பேட்டரிக்கு ஃபியூஸ் போடுங்கள். பிரேக் பிடித்தால் மோட்டார் நிற்கும் ஸ்விட்ச்சும் கட்டாயம்.

250 வாட்டுக்கும் 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் குறைவாக, பேட்டரி நீங்கலாக 60 கிலோ எடைக்குள் இருந்து, பரிசோதனை நிறுவனத்தின் ஒப்புதலும் இருந்தால், அது மோட்டார் வாகனம் ஆகாது. ரோட்டில் இறக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

வண்டி தயார். எந்தத் தெருவில் ஓட்டுவது? ஊர்த் தெரு வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போன கதை நம் தாத்தாக்களிடம் உண்டு. இன்றும் புது வண்டியில் போகும் பையனை முறைக்கும் கண்கள் இருக்கின்றன. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ளது. பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதைத் தடுப்பது குற்றம் என்று அது பெயர் சொல்லியே கூறுகிறது. தண்டனை 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. யாராவது இறங்கச் சொன்னால் தேதி, இடம், சாட்சி மூன்றையும் எழுதி வைத்துக் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். 14566 என்ற கட்டணமில்லா எண்ணிலும் பேசலாம்.

ஸ்பேனர் பிடிக்கும் பிள்ளைகள் இந்தச் சட்டப் பிரிவையும் தெரிந்து வைத்திருக்கட்டும். இரண்டும் இருந்தால்தான் வண்டி ஊரைத் தாண்டும்.