கிலோமீட்டர் கணக்கு மலைக்கு ஒத்துவராது
சாலையில் மின்சாரம் – 9

போன வாரம் அடுக்குமாடிகளில் ஒரு பிளக் பாயிண்டுக்காக நடக்கும் இழுபறியைப் பார்த்தோம். இந்த வாரம் கள்ளக்குறிச்சிக்குப் போவோம்.

சார்ஜிங் நிலையங்கள் எங்கெங்கே வேண்டும் என்று மத்திய மின் அமைச்சகம் 2022 ஜனவரியில் ஒரு கணக்கு சொன்னது. நகரத்தை 3 கி.மீ.க்கு 3 கி.மீ. கட்டங்களாகப் பிரித்தால் கட்டத்துக்கு ஒன்றாவது வேண்டும். நெடுஞ்சாலையில் 25 கி.மீ.க்கு ஒன்று, இருபுறமும். அதே ஆண்டு மார்ச்சில் பாரத் பெட்ரோலியம் சென்னை–திருச்சி–மதுரை சாலையில், போகவர சுமார் 900 கி.மீ.க்கு, தன் பங்க்குகளில் 10 விரைவு சார்ஜிங் நிலையங்களைத் திறந்தது. அந்தச் சாலை இந்த மாவட்டத்து உளுந்தூர்பேட்டை வழியாகத்தான் போகிறது. அங்கிருந்து சேலம் பக்கம் திரும்பினால் தியாகதுருகம், கள்ளக்குறிச்சி, சின்னசேலம். அதுவரை தூரக் கணக்கே போதும்.

கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு ஏறும்போதுதான் கணக்கு மாறுகிறது.

இரண்டு பேர், ஒரு மூட்டையோடு மின் ஸ்கூட்டர் 250 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதை 2,000 அடி உயரத்துக்குத் தூக்கவே 0.4 யூனிட் மின்சாரம் வேண்டும். மோட்டாரில் வீணாவதையும் சேர்த்தால் அரை யூனிட். ஒரு யூனிட்டுக்கு 30 கி.மீ. ஓடும் வண்டிக்கு இது சமவெளியில் 15 கி.மீ. ஓட்டம். மலைச்சாலையின் நீளத்துக்கு ஆகும் செலவு தனி. 1,700 கிலோ காருக்கு இந்த ஏற்றம் மட்டும் கிட்டத்தட்ட 3 யூனிட், அதாவது இருபது கி.மீ.க்கு மேல்.

இறங்கும்போது நிலைமை தலைகீழ். மோட்டாரே ஜெனரேட்டராகி, செலவான மின்சாரத்தில் ஒரு பகுதியை பேட்டரிக்குத் திருப்பித் தரும். ஸ்விட்சர்லாந்தில் பெரி என்ற ஊரின் சிமெண்ட் கல் குவாரியில் 45 டன் மின் லாரி ஒன்று வெறுமனே மேலே ஏறி, 65 டன் பாரத்தோடு இறங்குகிறது. இறங்குகையில் கிடைப்பதே அடுத்த ஏற்றத்துக்குப் பெரும்பாலும் போதுமாகிவிடுகிறது. கல்வராயனிலும் மரவள்ளி, கடுக்காய், புளி என்று பாரமெல்லாம் கீழ்நோக்கித்தான் வருகிறது. குவாரி லாரி அளவுக்கு லாபம் வராவிட்டாலும் திசை அதேதான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மலை மேல் பேட்டரியை முழுக்க நிரப்பிவிட்டு இறங்கினால், திரும்பி வரும் மின்சாரம் போக இடமிருக்காது. மொத்த வேலையும் சாதாரண பிரேக் தலையில் விழும். கொண்டை ஊசி வளைவுகளில் அது நல்லதல்ல. மேலே இருப்பவர் பேட்டரியில் கொஞ்சம் காலி விட்டு இறங்குவதே புத்திசாலித்தனம்.

ஆகவே பெரிய சார்ஜர் இருக்க வேண்டிய இடம் அடிவாரம், அதாவது கச்சிராயபாளையம். மின்வாரியக் கணக்கும் இதையே சொல்கிறது. 60 கிலோவாட் விரைவு சார்ஜர் ஒன்று இழுக்கும் மின்சாரத்தில் 5 குதிரைத்திறன் பம்ப்செட்டுகள் பதினாறு ஓடும். கிராமத்து 63 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரை அது ஒன்றே விழுங்கிவிடும். மலையின் நீண்ட மின்தடத்தின் கடைசியில் அதைக் கொண்டுபோய் மாட்டினால் சுற்றுப்பட்ட வீடுகளில் விளக்கு மங்கும். வெள்ளிமலையில் வேண்டியது வேறு: பள்ளி, மருத்துவமனை, சந்தைத் திடல் பக்கத்தில் சாதாரண 15 ஆம்பியர் பிளக்குகள். அங்கே வண்டி சில மணி நேரம் நிற்கத்தான் போகிறது. மெல்ல ஏறினால் போதும்.

2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலை குறித்துத் தாமாகவே வழக்கை எடுத்தபோது, சாலையும் போக்குவரத்தும் பேசப்பட்டன. சார்ஜிங்கும் அந்தப் பேச்சில் சேர வேண்டியதே. சார்ஜிங் நிலையங்களுக்கு மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டம் ஒதுக்கியிருப்பது 2,000 கோடி ரூபாய். மலைக்கு அதில் பங்கு கேட்பவர்கள் கி.மீ.யோடு உயரத்தையும் எழுதிக் கேட்கட்டும். இல்லையென்றால் மேலே ஒரு சார்ஜர் நிற்கும், வண்டி பாதி வழியில் நிற்கும்.

அடுத்த வாரம்: வியாசர்பாடி பணிமனையில் மின் பேருந்துகள் சார்ஜ் ஏறும் இரவு.